காலையில் மட்டும் வந்த ஞமன்: ஒரு மடிக்கணினிக் கோளாற்றின் நிகழ்வு ஆய்வு

எங்கள் புளோக்கில் அவரை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சிங்கப்பூரின் ஈசூனில் ஒன்பதாவது மாடி வீடு. வயது எழுபதைத் தாண்டியும் நான்கைந்து பிள்ளைகளுக்கு வீட்டிலேயே துணைப்பாடம் எடுக்கிறார். நான் அதே புளோக்கில் ஐந்தாவது மாடி. ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆகவே எந்த வீட்டில் பிரின்டர் இருமினாலும் என் கைப்பேசிதான் ஒலிக்கும்.

மே மாதம் ஒரு புதன்கிழமை காலை ஏழேமுக்கால் மணி. எம்ஆர்டி ரயிலில் நின்றபடி போய்க்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் டீச்சரிடமிருந்து ஒரு படம். வேர்ட் திரையைக் கைப்பேசியால் எடுத்திருந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

ம்ம8ன=ஞமன்ன,,8

கீழே செய்தி: "தம்பி, நான் கை வைக்கவே இல்ல. தானா அடிக்குது. நடுவுல என்ன எழுதியிருக்குன்னு பாரு."

பழந்தமிழில் ஞமன் என்றால் யமன். நாற்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் கண்ணில் அது படாமல் இருக்குமா? யாரோ கணினிக்குள் புகுந்து மிரட்டுகிறான் என்று முடிவே கட்டிவிட்டார். சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த செய்தியைப் படித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. முந்தைய வாரம் வங்கியின் இணையப் பக்கத்தில் பணம் அனுப்பப் போனபோது, தொகைக் கட்டத்தில் 8888 என்று தானே விழுந்திருக்கிறது. பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறதே, அது அணையவில்லை. மூடி, மேலே ஒரு துண்டைப் போர்த்தி வைத்துவிட்டார். எதிர்வீட்டுச் சீன அம்மாவிடம் சொன்னால், "எட்டா, நல்ல எண்ணாயிற்றே!" என்றாராம்.

டீச்சரின் சந்தேகம் நியாயமானதா?

அன்று இரவு எட்டு மணிக்குப் போனேன். ஒரு மணி நேரம் பார்த்தும் ஓர் எழுத்துகூட வரவில்லை. டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. "ஆள் பார்த்து வருது தம்பி. கடைக்காரர்கிட்டயும் இப்படித்தான் செஞ்சுது" என்றார்.

கடைக் கதை இது. பத்து நாள் முன்பு பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் வைத்திருந்து, வைரஸ் இருந்தது, சுத்தம் செய்துவிட்டோம் என்று சொல்லி, ஆண்டுச் சந்தா கட்டும் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டு, 90 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய கதை. அப்புறம் ஒரு வாரஇறுதியில் பொங்கோலில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கணினியை எடுத்துப் போயிருக்கிறார். அங்கே இரண்டு நாளும் ஒன்றுமே நடக்கவில்லை. அப்படியானால் திருடன் நம் வீட்டு வைஃபையில்தான் இருக்கிறான் என்று குடும்பமே கூடித் தீர்மானித்து, புது ரௌட்டர் ஒன்று வாங்கியாயிற்று.

எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்ததற்கு வேறு காரணங்கள் இருந்தன. திரையின் வலது மூலையில் அடிக்கடி ஓர் எச்சரிக்கை எட்டிப்பார்த்தது: கணினியில் ஐந்து வைரஸ் இருக்கிறது, உடனே இங்கே அழுத்தவும் என்று. கணினி தொடங்கும்போதே ஓடத் தொடங்கும் பட்டியலில் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றும் இருந்தது. இது போதாதென்று, ஒரு மாதம் முன்பு தொலைபேசி நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்து, உங்கள் இணையத்தை யாரோ ஊடுருவியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். டீச்சர் அவன் ஆங்கிலத்தைத் திருத்திவிட்டு வைத்துவிட்டார். அது வேறு விஷயம்.

இத்தனையும் ஒரே மேசையில் கிடக்கும்போது, வெறும் கீபோர்ட் கோளாறுதான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சிங்கப்பூரில் முதியவர்களின் சேமிப்பு மோசடியில் போன செய்தியைப் படிக்காத வாரமே இல்லை. அதனால் கணினியை அப்புறம் பார்க்கலாம், முதலில் பணம் என்று தொடங்கினேன். மடிக்கணினியின் வைஃபையை அணைத்தோம். டீச்சரின் கைப்பேசியில், வீட்டு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில், வங்கிச் செயலியைத் திறந்து இரண்டு மாதப் பரிவர்த்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தெரியாத பெயர் ஒன்றும் இல்லை. வங்கி, சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு), மின்னஞ்சல் மூன்றின் கடவுச்சொற்களையும் அந்தக் கைப்பேசியிலேயே மாற்றினோம். உள்ளூர் வங்கிகள் மூன்றும் 2023 நவம்பரில் கொண்டுவந்த பணப்பூட்டு வசதி இருக்கிறதே, இணையம் வழியாக எடுக்க முடியாதபடி ஒரு தொகையைப் பூட்டி வைப்பது, அதில் சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டுவிட்டோம். பணம் போயிருந்தால் வங்கியின் அவசர எண்ணைத்தான் முதலில் அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லியிருப்பேன். போகவில்லை என்பதால் 1799 எண்ணை மட்டும் எழுதி குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். மோசடியா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இருபத்துநான்கு மணி நேரமும் கேட்கலாம்.

இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. என் ஊகம் தவறாக இருந்தால் நட்டம் அந்த முக்கால் மணிதான்.

வைரஸ் வேட்டை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டினேன். கணினியை மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக விழிப்பதற்கு முன்பே தேடும் சோதனை அது. கால் மணி நேரம்போல ஆகும். சுத்தம். மைக்ரோசாப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்று ஒரு கருவி உண்டு. தானே தொடங்கும் எல்லாவற்றையும் அது ஒரே பட்டியலில் கொட்டிவிடும். அதிலும் தயாரிப்பாளரின் மின்கையொப்பம் இல்லாத, இனம் தெரியாத எதுவும் இல்லை.

மூலையில் எட்டிப்பார்த்த வைரஸ் எச்சரிக்கையின் கதை இன்னும் எளிது. சமையல் குறிப்பு தேடிப் போன ஏதோ ஓர் இணையத்தளம், அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறது. டீச்சர் சரி என்று அழுத்தியிருக்கிறார். உலாவியின் அமைப்புகளில் அந்த அனுமதியை நீக்கியதும் எச்சரிக்கை நின்றது. கடைக்காரர்கள் கண்ட வைரஸ் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் எப்போதோ பிரின்டர் சரிசெய்யப் போட்டுவிட்டு மறந்திருக்கிறார். அதுவே வைத்திருக்கும் இணைப்புப் பதிவேட்டில் கடைசி வரி பதினான்கு மாதத்துக்கு முந்தையது, மகனுடையது. நீக்கிவிட்டேன். அவர் வைத்திருந்தது விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு; விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் வெளியாள் வர முடியாது.

எனக்கு முதலிலிருந்தே நெருடியது இன்னொன்று. வந்த எழுத்துகளின் லட்சணத்தைப் பாருங்கள். இரண்டு வாரப் படங்களிலும் எட்டு, சமக்குறி, காற்புள்ளி, ன, ம, ஞ, இவ்வளவுதான். உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை. புள்ளி மட்டும் ஆங்காங்கே இருந்தது. ஆனால் டீச்சர் பயன்படுத்தும் தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் ஒரே மெய் அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்தால் முதலாவதுக்கு மென்பொருளே புள்ளி வைத்துவிடும். ன்ன, ம்ம எல்லாம் அப்படி வந்தவை. மவுஸ் அம்பு ஒருமுறைகூடத் தானாக நகரவில்லை. தொலைவிலிருந்து ஒருவன் கணினியைப் பிடித்திருந்தால் அம்புதான் முதலில் ஓடும். விசைகளைப் புகுத்தும் தாக்குதலாக இருந்தால் விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்ந்து விழும். ஒரு கட்டளைக் கட்டம் திறக்கும். கண் இமைக்கும் நேரத்தில் ஏதோ ஒன்று இறங்கிவிடும். இவ்வளவு தூரம் உள்ளே வந்தவன் உட்கார்ந்து எட்டும் சமக்குறியுமா அடித்துக்கொண்டிருப்பான்?

குடும்பத்தில் ஒருவர் கீலாகர் என்றார். கீலாகர் நாம் அடிப்பதைத் திருட்டுத்தனமாகப் படிக்கும், தான் ஒன்றும் அடிக்காது. இந்தக் குழப்பம் அலுவலகத்திலும் நான் அடிக்கடி கேட்பதுதான்.

வயர்லெஸ் மவுஸின் டாங்கிளையும், அதாவது அதன் சமிக்ஞையை வாங்கக் கணினியில் செருகும் சிறு துண்டையும், நான் விட்டுவைக்கவில்லை. 2016-ல் மவுஸ்ஜாக் என்ற பெயரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அந்த வகை டாங்கிள்களுக்கு அருகிலிருந்தே ஒருவர் மறையாக்கம் செய்யாத சமிக்ஞை அனுப்பி, விசை அழுத்தியதுபோல ஏமாற்ற முடிந்தது. சுவருக்குச் சுவர் வீடு இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. டாங்கிளைப் பிடுங்கி என் பையில் போட்டேன், புளூடூத்தையும் அணைத்தேன். மறுநாள் காலை ஏழரைக்கு டீச்சரிடமிருந்து படம் வந்தது: ன்ன8ம.

வைஃபை இல்லை, புளூடூத் இல்லை, டாங்கிளும் இல்லை. இன்னும் அடிக்கிறது.

வருகைப் பதிவேடு

கோளாறு எப்போது வருகிறது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கணினிக்காரர்களுக்கே உரிய கெட்ட பழக்கம் இது. ஆளிடம் கேட்பதற்கு முன்பு பெட்டியைத் திறந்துவிடுவோம்.

டீச்சரிடம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் நாளும் நேரமும் குறித்து வைக்கச் சொன்னேன். அவர் வகுப்பு வருகைப் பதிவேடுபோலவே கோடு போட்டுவிட்டார். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், விழுந்த எழுத்துகள், குறிப்பு. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. ஒன்பது நாள் கழித்து வாங்கிப் பார்த்தேன். எல்லாமே காலை 7.05-க்கும் 9.20-க்கும் நடுவில். பிற்பகலில் ஒன்று இல்லை, இரவில் ஒன்று இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும் வெறுமையாக இருந்தது. குறிப்புக் கட்டத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: "நேற்று ஏர்கோன் பழுது. புழுக்கம். தூக்கமில்லை."

அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

"டீச்சர், காலையில எழுந்ததும் என்னென்ன செய்வீங்க?"

"ஆறரைக்கு எழுந்திருப்பேன். ஏர்கோனை அணைச்சு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விடுவேன். குளிச்சு, சாமி கும்பிட்டு, ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர்ல உட்காருவேன்."

"கம்ப்யூட்டர் ராத்திரி எங்க இருக்கும்?"

"படுக்கை அறையிலதான். ஏர்கோனுக்கு நேர் கீழே."

சிங்கப்பூரில் மழையில்லாத நாளில்கூட விடியற்காலை ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். பிற்பகலில் அறுபதை ஒட்டி இறங்கும். டீச்சர் ஏர்கோனை 22 டிகிரியில் வைத்துத் தூங்குபவர். இரவெல்லாம் அந்தக் குளிரில் கிடந்த கணினியின் மேல் திடீரென்று வெளிக்காற்று வந்து படுகிறது. நம் ஊர்க் காலைக் காற்று 24 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கிவிடும். ஏர்கோன் கடையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி மங்குகிறதே, அதுவேதான். மூக்குக்கண்ணாடியில் நமக்குத் தெரிகிறது. கணினிக்குள் நடப்பது தெரிவதில்லை. கணினி ஓடிச் சூடாகி, வெயிலும் ஏறினால், ஒன்பதரை மணிக்குள் காய்ந்துவிடும். பொங்கோல் மகள் வீட்டில் கணினி இருந்தது ஏர்கோன் இல்லாத வரவேற்பறையில். கடையிலும் அதைப் பகலில்தான் போட்டுப் பார்த்திருப்பார்கள். என் முதல் வருகை இரவு எட்டு மணிக்கு. பாவம், புது ரௌட்டர்.

ஆனால் இது ஊகம்தான். ஈரம்தான் காரணம் என்றால், இரவிலும் வரவழைக்க முடிய வேண்டும்.

சனிக்கிழமை

காலை 7.20-க்குப் போய்விட்டேன். என் கிடார் பெட்டிக்குள் வைத்திருக்கும் சின்ன ஈரப்பதமானியையும் எடுத்துப் போனேன். ஜன்னல் திறந்த அறையில் 25.5 டிகிரி, 92 விழுக்காடு. கணினியில் உள்ளங்கை வைக்கும் இடம் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

விண்டோஸுக்குள் போகவே இல்லை. மின்விசையை அழுத்திய கையோடு எஃப்2 தட்டி பயாஸ் திரைக்குப் போனேன். விண்டோஸ் எழுவதற்கு முந்தைய நிலை அது. வன்தட்டில் எந்த வைரஸ் இருந்தாலும் அதற்கு இன்னும் பொழுது விடியவில்லை. நேரம் மாற்றும் கட்டத்தில் கர்சரை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். டீச்சரும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாலு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம், ஏழரை ஆகியிருந்த கடிகாரத்தில் மணி 08 ஆனது. யாரும் தொடவில்லை. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பயாஸுக்குள்ளேயே குடியேறும் நச்சுநிரல் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. 2018-ல் லோஜாக்ஸ் என்ற ஒன்றை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அரசாங்கங்களை வேவு பார்ப்பவர்கள் அரும்பாடுபட்டுச் செய்வது அது. ஈசூனில் துணைப்பாடம் எடுக்கும் பாட்டியின் கடிகாரத்தை எட்டு மணியாக்க யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஆனாலும் முழு உறுதிக்காக அடுத்த படிக்குப் போனேன்.

பென்டிரைவிலிருந்து உபுண்டுவைத் தொடங்கினேன். வன்தட்டு பக்கமே போகாத வேறொரு இயங்குதளம். அதில் இவிடெஸ்ட் என்று ஒரு சிறு கருவியை நிறுவிக்கொண்டேன். ஒவ்வொரு விசையும் எந்தச் சாதனத்திலிருந்து வருகிறது, எத்தனையாவது எண், எப்போது அழுத்தியது, எப்போது விட்டது என்று வரிவரியாகக் கக்கும். விண்டோஸின் திரை விசைப்பலகையைத் திறந்து வைத்தாலும் அழுத்தும் விசை ஒளிரும்தான். பலர் அதையே ஆதாரம் என்று சொல்வார்கள். எது அழுந்தியது என்று அது காட்டும். எங்கிருந்து வந்தது என்று காட்டாது.

இவிடெஸ்டில் கணினியின் சொந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்துக் காத்திருந்தேன். எண்கள் கொட்டத் தொடங்கின. 37, 37, 9, 23, 13. அப்புறம் 27, 37, 23. லினக்ஸ் கணக்கில் 9 என்றால் எட்டு, 13 சமக்குறி, 23 ஐ விசை, 27 மூடும் சதுர அடைப்பு, 37 கே விசை. இடையிடையே 51, அது காற்புள்ளி. தமிழ்99-இல் ஐ விசையில் ன, கே விசையில் ம, சதுர அடைப்பில் ஞ. ஆக 27, 37, 23 என்று வரிசையாக விழுந்தால் ஞமன. யமன் வந்த வழி இதுதான்.

நேரத்தையும் கவனித்தேன். மனித விரல் ஒரு விசையை அழுத்தி எடுக்கச் சுமார் நூறு மில்லி வினாடி ஆகும். இங்கே ஒன்று பன்னிரண்டு மில்லி வினாடியில் முடிந்தது. அடுத்தது நாலு வினாடி அமுங்கியே கிடந்தது. விரலும் இப்படி அடிக்காது, நிரலும் அடிக்காது. டீச்சரின் முடி உலர்த்தியை வாங்கி, இளஞ்சூட்டில் கீபோர்டின் மேல் காட்டினேன். மூன்று நிமிடத்தில் எண்கள் நின்றன.

ஏன் இந்த ஆறு விசை மட்டும்?

எட்டு, ஐ, கே, காற்புள்ளி நான்கும் கீபோர்டில் மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரே கோட்டில் இருப்பவை. அது சரி. சமக்குறியும் சதுர அடைப்பும் வலதுபக்கம் நாலைந்து விசை தள்ளி இருக்கின்றன. நடுவில் இருக்கும் ஓ, பி, எல் எதுவும் வரவில்லை. ஏதாவது கொட்டியிருந்தால் ஓரிடத்து விசைகள் எல்லாம் கெட்டிருக்க வேண்டுமே?

கீபோர்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. அத்தனை விசைக்கும் தனித்தனிக் கம்பி என்றால் தாங்காது. அதனால் குறுக்கே சில கோடுகள், நெடுக்கே சில கோடுகள் என்று கட்டம் போட்டிருப்பார்கள். கோடு குறுக்கிடும் இடம் ஒவ்வொன்றும் ஒரு விசை. கட்டுப்படுத்தும் சில்லு ஒவ்வொரு நெடுக்கோட்டுக்கும் மாறிமாறிச் சமிக்ஞை கொடுத்து, எந்தக் குறுக்குக்கோட்டில் அது எட்டிப்பார்க்கிறது என்று நொடிக்குப் பலமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். வகுப்பில் வரிசைவரிசையாகப் பெயர் கூப்பிடுவதுபோல என்றதும் டீச்சருக்குப் புரிந்துவிட்டது. மடிக்கணினிக் கீபோர்ட் பலவற்றில் எட்டு, ஐ, கே, காற்புள்ளி, சமக்குறி, மூடும் சதுர அடைப்பு எல்லாம் ஒரே நெடுக்கோட்டில் கோத்தவை. உட்காரும் இடம் வேறு, கோடு ஒன்று. அந்த ஒரு கோட்டிலிருந்து பக்கத்துக் கோடுகளுக்கு மின்சாரம் கசிந்தால் அந்த வரிசை மாணவர்கள் மட்டும், கூப்பிடாமலே, உள்ளேன் ஐயா என்பார்கள்.

இத்தனை கோடுகளும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக ஓடும் இடம் ஒன்றே ஒன்று: கீபோர்டின் அடியிலிருந்து ரிப்பன் கேபிளாக வெளியே வரும் கழுத்துப் பகுதி. கறை அங்கேதான் இருக்கும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

அன்று இரவு ஒன்பது மணிக்கு, இரண்டு மணி நேரம் ஏர்கோனில் வைத்திருந்த கணினியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுபோனேன். அடுப்பில் டீச்சர் இட்லி ஊற்றி வைத்திருந்தார். ஆவி அறையெல்லாம் பரவியது. பதினோராவது நிமிடம் திரையில் ம. தொடர்ந்து ன்ன8. இதுவரை ஒருநாளும் இரவில் வராதது. "இட்லிக்கா வருது?" என்றார் டீச்சர்.

மறுபடி ஏர்கோன் அறை. அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, அப்புறம் கீபோர்ட் ரிப்பனின் கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால் மெல்ல நிமிர்த்திக் கேபிளை உருவினேன். பேட்டரியை மட்டும் மாட்டி, வெளிக் கீபோர்ட் ஒன்றைச் செருகி, குளிர வைத்து, மறுபடி இட்லி ஆவி. இந்த முறை நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். இட்லி வெந்து, தின்றும் முடித்தோம். ஓர் எழுத்து வரவில்லை.

மைலோ

ரிப்பனின் கழுத்தில் பழுப்பாக ஒரு கறை, ஐந்து காசு நாணயம் அளவுக்கு. டீச்சர் குனிந்து முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து, வகுப்பறைக் குரலில், வரவேற்பறையில் இருந்த பேரனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தொடக்கநிலை நான்கில் படிக்கும் பையன். மார்ச் பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டில் இருந்தபோது மைலோ பானம் கொட்டிவிட்டது. டிஷ்யூவால் துடைத்திருக்கிறான், கணினியைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறான், மின்விசிறிக்கு முன்னால் வைத்திருக்கிறான். பெரியவர்கள் பலருக்கே இவ்வளவு தோன்றாது. ஆனால் சர்க்கரையும் பாலும் உள்ளே தங்கிவிட்டன. நீர் ஆவியாகிப் போகும்; சர்க்கரை போகாது. காய்ந்தபிறகும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பாலின் உப்புகள் அந்த ஈரத்தில் கரைந்து மின்சாரத்தைக் கடத்தும். கீபோர்டின் கோடுகள் பிளாஸ்டிக் தாளில் வெள்ளி கலந்த மையால் அச்சிட்டவை. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் அந்த வெள்ளி மெல்ல மெல்லப் பக்கத்துக் கோட்டை நோக்கி வேர்விடும். அதனால்தான் மார்ச்சில் கொட்டியது மே மாதத்தில் பேசியது. நம்மூரில் பணத்துக்கும் வெள்ளி என்றுதான் பெயர். அதுவும் டீச்சரிடமிருந்து இந்த இரண்டு மாதமாகக் கசிந்துகொண்டுதான் இருந்தது.

கழுவிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். எல்லாரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். சர்க்கரை அதில் அவ்வளவாகக் கரையாது, வாலைவடிநீர்தான் கேட்கும். ஆனால் இந்தக் கீபோர்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. உள்ளே எட்ட முடியாது. மாற்றுவதுதான் வழி.

சிம் லிம் ஸ்குவேர் என்ற கணினிக் கடைத்தொகுதியில் ஒரு கடையில் இந்த மாடலுக்கான கீபோர்ட், மேல்மூடியோடு சேர்த்து, 85 வெள்ளி. வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரத்துக்கு ரிப்பனைக் கழற்றியே வைத்து, வெளிக் கீபோர்டில் ஓட்டச் சொன்னேன். கணினியைத் திறக்கத் தயங்குபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. உள் கீபோர்டை இயக்கும் ஐ8042பிஆர்டி என்ற டிரைவருக்கு, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஸ்டார்ட் என்ற மதிப்பு பெரும்பாலும் 3 என்று இருக்கும். அதை 4 ஆக்கிக் கணினியை மறுபடி தொடங்கினால் கீபோர்ட் ஊமையாகிவிடும். செய்வதற்கு முன் வெளிக் கீபோர்ட் ஒன்று கையில் இருக்கட்டும். சில மாடல்களில் டச்பேடும் அதே டிரைவரில் தொங்குவதால் அதுவும் சேர்ந்து போய்விடும். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை நீக்குவது பயனில்லை. மறுபடி தொடங்கினால் சமர்த்தாகத் திரும்பி வந்து நிற்கும்.

மேல்மூடியை மாற்ற இரண்டரை மணி நேரம் ஆனது. திருகுகளை ஐஸ் கட்டித் தட்டில் குழிக்கு ஒரு வகையாகப் பேரன் அடுக்கித் தந்தான். அதுதான் அவனுக்குத் தண்டனை. அடுத்த ஐந்து நாளும் ஏர்கோன், ஜன்னல், காலை ஏழு மணி எல்லாம் வழக்கம்போல நடந்தன. பதிவேட்டில் ஐந்து கட்டத்திலும் டீச்சர் கோடு போட்டு வைத்திருந்தார். கணினியை இப்போது ஏர்கோனுக்கு நேர் கீழே வைப்பதில்லை.

முதல் நாள் புதுக் கீபோர்டில் ஏதாவது அடித்துப் பாருங்கள் என்றேன். ஒற்றை விரலால் சதுர அடைப்பு, கே, ஐ, கடைசியாக எஃப். எஃப் விசையில்தான் தமிழ்99-இன் புள்ளி இருக்கிறது. அந்த நெடுக்கோட்டில் இல்லாத விசை. திரையில் ஞமன், ஒரே ஒரு ன்.

"எழுத்துப்பிழை இல்லாம அடிக்கணும் தம்பி" என்றார்.